நாயக் முருகையன் செத்துப் பழகுகிறார்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. பஸ்ஸில் எடுத்தது. விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனம் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் வயதான கணவனும் மனைவியும். அவர் கேட்டார்: "நான் செத்தா மொதல்ல யாருக்குப் போன் போடுவ?"

"எங்க அம்மாவுக்கு."

"அவங்க போய்ச் சேந்து எத்தினி வருசமாவுது!"

"அதான். அங்க உன்ன ஒழுங்கா பாத்துக்கச் சொல்லணும்ல."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள். பெயர் உட்பட மீதி பூராவும் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

முருகையன் இறந்த அன்று வல்லத்தில் நல்ல மழை

(வேண்டாம். சாவுக் கதை என்றால் மழை பெய்தே தீர வேண்டுமா என்ன? போதாததற்கு, மனிதர் சாகவே இல்லை.)

முருகையன் ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனத்தை அடுத்த வல்லம் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறார். நெஞ்சு வலி வந்து டாக்டர் எச்சரித்து அனுப்பியதிலிருந்து அவருக்கு ஒரே கவலை: தான் போனபின் மனைவி வெள்ளையம்மாள் திக்குத் தெரியாமல் நிற்கக் கூடாது. அதற்காகவே அவளை விழுப்புரத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பிரபாவதி மேடம் பொறுமையாகச் சொன்னார்: ஈமச்சடங்குக்கு உதவித்தொகை கேட்கலாம், இறப்புச் சான்றிதழ் வேண்டும், குடும்ப ஓய்வூதியத்துக்குத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

"கொடி போத்துவாங்களா மேடம்?" என்றார் முருகையன்.

"அது சர்வீஸ்ல இருக்கும்போது போறவங்களுக்குங்க ஐயா."

அவர் முகம் சுண்டிவிட்டது. வெள்ளையம்மாளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்.

"எரிச்சாலும் பொதைச்சாலும் ஒண்ணுதானாம்மா?"

"ரெண்டுக்கும் ஒண்ணுதாம்மா."

"அப்பன்னா ரெண்டும் வாணாம்னு எழுதிக்கோம்மா."

(இங்கே பிரபாவதி மேடத்தைச் சிரிக்க வைத்தேன். அப்புறம் அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.)

3

மறுநாளே வீட்டில் ஒத்திகை. முருகையன் கயிற்றுக் கட்டிலில் கைகளை நெஞ்சில் வைத்துப் படுத்துக்கொண்டார்.

"இப்ப நான் செத்துட்டேன். நீ இன்னா பண்ணுவ?"

"எழுந்து வந்து கேப்பைக் கூழக் குடி."

"செத்தவன் கூழ் குடிப்பானாடி? சங்கத்துக்குப் போன் போடு. 'எங்க வூட்டுக்காரரு தவறிட்டாரு'ன்னு சொல்லு. மீதிய தேவசகாயம் பாத்துக்குவான்."

தேவசகாயம், திண்டிவனத்தில் இருக்கும் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் செயலாளர். உறுப்பினர் யார் தவறினாலும் மெடல் குத்திய கோட்டோடு போய், மலர்வளையம் வைத்து, சல்யூட் அடித்துவிட்டு வருவது அவர்கள் வழக்கம்.

போடு என்று முருகையன் சொன்னது பேச்சுக்கு. அவள் நிஜமாகவே போட்டுவிட்டாள்.

"யாரு, அண்ணியா? சொல்லுங்க."

"எங்க வூட்டுக்காரரு..."

கட்டிலைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல், சொன்னபடி செத்துக் கிடந்தார். அந்தப் பாழாய்ப்போன வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அழாதீங்க அண்ணி. புரிஞ்சிது. ஜல்தி வர்றோம்."

(திரும்பக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? கூப்பிட்டார்கள். செத்தவரே கூப்பிட்டார். தேவசகாயம் ஊருக்கெல்லாம் தகவல் சொல்லிக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை.)

4

பொழுது சாய்வதற்குள் வேன் வந்து நின்றது. தேவசகாயமும் சங்கத்து ஆட்களும் மலர்வளையத்தோடு இறங்கினார்கள். வாசலில், மடித்துக் கட்டிய லுங்கியோடு, முருகையன்.

தேவசகாயத்தின் கை பழக்கதோஷத்தில் நெற்றிக்கு ஏறியது. முருகையன் லுங்கியை இறக்கிவிட்டு, விறைத்து நின்று, பதில் சல்யூட் அடித்தார்.

"இன்னாண்ணே, பேஜாரு பண்ணிட்டீங்களே!" என்று தேவசகாயம் அவரைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதார். மலர்வளையத்தை வெள்ளையம்மாள் வாசப்படி தாண்ட விடவில்லை. வந்தவர்களுக்கு மல்லாட்டை அவித்துக் கொடுத்தாள்.

முடிவு ஒன்று: கொஞ்ச நாளில் முருகையன் நிஜமாகவே போய்விடுகிறார். வெள்ளையம்மாள் தெளிவாகப் போன் போட்டு

(கிழித்துவிட்டேன். அவளை அந்த வார்த்தையைச் சொல்ல வைக்க எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: இருவரும் நூறு வயது வரை

(நானே நம்பவில்லை. ஆசைதான்.)

5

வேன் போனதும் வெள்ளையம்மாள் சொன்னாள்: "நவுரு. நான் படுக்கறேன்."

படுத்தாள். கண்ணை மூடினாள்.

"இப்ப நான் செத்துட்டேன். நீ இன்னா பண்ணுவ?"

முருகையன் போனும் கையுமாக நின்றார். தான்தான் முந்திக்கொள்வோம் என்று இத்தனை நாளும் இருந்துவிட்டார். இவள் முந்தினால் என்ன என்று எந்த ஆபீஸிலும் அவர் கேட்டதில்லை. கேட்க அவருக்குத் தோன்றக்கூட இல்லை.

"எழுந்திருடி."

அவள் எழவில்லை.

"வெள்ளையம்மா... வெளையாடாத."

இதற்கு மேல் ஒரு வரி எழுதினாலும் அவள் கண்ணைத் திறந்தாக வேண்டும், இல்லை திறக்காமல் கிடக்க வேண்டும். இரண்டில் ஒன்றை எழுத என்னால் ஆகாது. நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள். அவர் இன்னும் நின்றுகொண்டே இருக்கிறார், நெஞ்சு வலிக்காரர்.