போறன் என்று சொல்லாதவர்

துஷ்யாவின் படிவத்தில் அறுபத்து நான்கு கட்டங்கள். அறுபத்து மூன்றில் கையெழுத்து விழுந்துவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. 7.4, அதாவது ஏழு தசம் நான்கு: 'சிகிச்சையை முறைப்படி முடித்துவைத்தல், நோயாளர் விடைபெற்றுச் சென்றதை உறுதிசெய்தல்.'

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் அந்தக் கட்டத்திலும் கையெழுத்து விழவேண்டும். விழாவிட்டால் மருத்துவ உளவியல் முனைவர் பயிற்சியின் கடைசி ஆறு மாதத்தை அவள் மறுபடி செய்யவேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அவள் மட்டும் 'பயிற்சியாளர்' என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அதே கதிரையில் இருப்பாள்.

இத்தனைக்கும் அவளுடைய நோயாளர் குணமாகி ஐந்து வாரம் ஆகிவிட்டது. சிக்கலே அங்கேதான் தொடங்கியது.

நோயாளரின் பெயர் குகநாதன். ஐம்பத்தெட்டு வயது. ஜெர்மனியில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து, கோலியர்ஸ் வுட்டில் பூட்டுக் கடை வைத்திருப்பவர். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்கிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எந்தக் கதவையும் மூன்று நிமிடத்தில் திறந்துவிடுவார். தன்னுடைய கடைக் கதவைப் பூட்டத்தான் ஒரு மணித்தியாலம் பிடித்தது. பூட்டுவார், பஸ் தரிப்பிடம் வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். இப்படிப் பதினான்கு தடவை. சோறு ஆறிப்போவதைப் பார்த்துப் பார்த்து அலுத்த மனைவி ரஜனி அவரை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டொக்டர் உளவியல் சேவைக்கு அனுப்பினார். தமிழ் தெரிந்தவள் என்பதால் குகநாதன் துஷ்யாவின் அறைக்கு வந்துசேர்ந்தார்.

பன்னிரண்டு அமர்வுகள். ஒரு தடவை பூட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போக அவரைப் பழக்கினாள். முதல் வாரம் வியர்த்தார். இரண்டாம் வாரம் அவளுடைய பல்கலைக்கழகத்தைத் திட்டினார். பத்தாம் வாரம் பூட்டிய கையோடு பஸ் ஏறி, வீடு இருக்கிற மோர்டனில் இறங்கி, சூடாகச் சாப்பிட்டார்.

பன்னிரண்டாவது அமர்வு முடிந்ததும் எழுந்து கைகூப்பினார்.

"அப்ப நான் போட்டு வாறன் பிள்ளை."

"ஓம் அங்கிள். போட்டு வாங்கோ."

யாழ்ப்பாணத்தார் 'போய்விட்டு வருகிறேன்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள். இருவரும் நாக்கில் வந்ததைச் சொன்னார்கள். மேற்பார்வைக்காக மேசையில் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியும் கேட்டதைப் பதிந்துகொண்டது.

துஷ்யாவின் மேற்பார்வையாளர் டொக்டர் பெர்னடெற் நல்ல மனுஷி. எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். குகநாதனைத் துஷ்யா 'அங்கிள்' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு, இருவரும் உறவினர் அல்லர் என்று எழுத்தில் வாங்கி வைத்திருந்தார். ஒலிப்பதிவை ஆங்கிலத்தில் எழுத, நோர்பரியில் இருந்த ரவிச்சந்திரன் என்பவருக்கு அனுப்பினார். ரவிச்சந்திரன் தஞ்சாவூர்க்காரர். யாழ்ப்பாணத்துப் 'போட்டு' அவருக்குப் புதிது. 'வைத்துவிட்டு வருகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பெர்னடெற் துஷ்யாவைக் கூப்பிட்டார். "எதை வைக்கப் போகிறார்? எங்கே வைக்கப் போகிறார்? ஆபத்தான பொருளா?"

"எதையும் வைக்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொன்னார்."

அத்தோடு முடிந்திருக்கவேண்டும். பெர்னடெற் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போகிறார். பிறகு வருகிறார்."

"வரமாட்டார். அது சும்மா பேச்சு வழக்கு."

"வரமாட்டாரென்றால் ஏன் வருகிறேன் என்கிறார்?"

"போகிறதால்."

பெர்னடெற் அதைக் குறித்துக்கொண்டார். "துஷ்யா, இவருடைய நோய் என்ன?"

"திரும்பித் திரும்பிப் போய்ப் பார்ப்பது."

"கடைசி நிமிடத்தில் அவர் திரும்பி வருவேன் என்கிறார். நீங்களும் திரும்பி வாருங்கள் என்கிறீர்கள்."

அப்படிக் கேட்டபோது துஷ்யாவுக்கே அது ஒரு கணம் சரிபோலப் பட்டது. படிவத்தில் பெர்னடெற் எழுதினார்: 'முடிவு நிகழவில்லை. நோய்க்குறி வாசலில் மறுபடி தோன்றியது. பயிற்சியாளர் அதற்கு ஊக்கமளித்தார்.'

ஆகவே இன்னொரு முடிவு அமர்வு. குகநாதன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். நலமாக இருக்கிறேன் என்றார். போகும்போது போட்டு வாறன் என்றார். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரமும் ஒன்று. குணமான மனிதர், குணமாகிவிட்டேன் என்று சொல்லிப் போவதற்காகவே வாராவாரம் வந்துகொண்டிருந்தார்.

"பார்த்தீர்களா, வந்துகொண்டே இருக்கிறார்" என்றார் பெர்னடெற்.

"நாங்கள் கடிதம் போட்டுக் கூப்பிடுகிறோம்."

"எல்லா நோயாளரும் கூப்பிட்டால் வருவதில்லை, துஷ்யா."

பதினாறாவது அமர்வில் அவள் நேரடியாகக் கேட்டுவிட்டாள். "அங்கிள், இண்டைக்கு வெளிக்கிடேக்க 'போறன்' எண்டு மட்டும் சொல்லுவீங்களோ?"

குகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. படிவத்துக்குத்தான்."

"பிள்ளை, வாசல்ல நிண்டு போறன் எண்டு சொன்னா ரஜனி என்னைத் திருப்பிக் கூப்பிட்டு, இருத்தி, தண்ணி தந்துதான் விடுவா. குண்டு விழேக்க ஜேர்மனிக்கு வெளிக்கிட்டனான். அண்டைக்கே போட்டு வாறன் எண்டுதான் சொன்னனான். இப்ப கோலியர்ஸ் வுட்டில இருந்து மோர்டனுக்குப் போறதுக்கு என்னைப் போறன் எண்டு சொல்லச் சொல்லுறீர்."

"எனக்கு ஆறு மாசம் போயிடும் அங்கிள்."

அவர் கதிரையில் முன்னுக்கு நகர்ந்தார். "இங்கிலீசில பை எண்டு சொல்லட்டோ?"

"உங்கட மனசுக்குக் கிட்டின பாஷையில சொல்ல வேணுமாம்."

"அப்ப டொச்சில சொல்லுறன். பத்தொன்பது வருசம் அதிலயும் மனசு வைச்சிருந்தனான்." கருவியின் பக்கம் குனிந்து தெளிவாகச் சொன்னார்: "அவுஃப் வீடர்சேயன்."

பெர்னடெற் பள்ளியில் ஜெர்மன் படித்தவர். "மறுபடி பார்க்கும் வரை என்று அர்த்தம்" என்று அதற்கும் ஒரு கோடு கிழித்தார். "வெள்ளிக்கிழமை நானே வந்து உட்காருகிறேன்."

வெள்ளி பதினொரு மணிக்கு மூவரும் அறைக்குள் இருந்தார்கள். பெர்னடெற்றின் மடியில் படிவம். அதன் ஓரத்தில் 'போறன்' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்தார். குகநாதன் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் மடிப்புக் கலையாமல் மினுக்கிய சேர்ட் போட்டிருந்தார். முகத்தில்தான் கல்யாணக் களை இல்லை.

"உமக்காகச் சொல்லுறன் பிள்ளை" என்று தணிந்த குரலில் சொன்னார். "ரஜனிக்குத் தெரியக்கூடாது."

பதினொன்று நாற்பதுக்கு எழுந்தார். கதவடியில் நின்றார்.

"நான்... போறன்."

பெர்னடெற் ஓரத்தில் எழுதியிருந்த சொல்லோடு ஒப்பிட்டுப் பார்த்து, மையால் சரி போட்டார். கதவு மூடிக்கொண்டது. கையெழுத்துக்காகப் பேனையைத் தாளில் வைத்தார்.

கதவு திறந்தது. "குடையை விட்டிட்டன் போல" என்றார் குகநாதன்.

அவர் குடை கொண்டு வரவில்லை. மூவரும் கதிரைக்கு அடியில் தேடினார்கள். மறுபடி போறன் என்றார், போனார். மறுபடி கதவு திறந்தது. "கதவைச் சரியாச் சாத்தினனானோ எண்டு பார்த்தன்." மூன்றாம் தடவை காரணம் ஒன்றும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான்காம் தடவை பஸ் தரிப்பிடம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

"ஒவ்வொரு தடவையும் மிகத் தெளிவாக விடைபெறுகிறார்" என்றார் பெர்னடெற், உண்மையான மகிழ்ச்சியோடு. "எந்தத் தடவைக்குக் கையெழுத்துப் போடுவது என்பதுதான் கேள்வி. ஒரு முழு நிமிடம் வராமல் இருந்தால் போதும். நீங்கள் மட்டும் வாய் திறக்காதீர்கள். அந்தப் பழைய வசனத்தைச் சொன்னால் போட்ட சரியையும் நான் வெட்டவேண்டும்."

பதினொன்று ஐம்பத்தைந்து. ஒன்பதாவது தடவை கதவு திறக்கவில்லை. வெளியிலிருந்து யாரோ கைபிடியை இழுத்துப் பார்த்தார்கள். விட்டார்கள். மறுபடி இழுத்தார்கள்.

துஷ்யாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். முதல் வாரத்தில் அவர் கடையடியில் அவளோடு நின்று பூட்டை இழுத்த அதே சத்தம். நான்கு மாதமாக அவள் அதைத்தான் நிறுத்தினாள். இப்போது சும்மா இருந்தால் போதும். மனுஷன் களைத்துப்போய் எங்கேயாவது ஒரு நிமிடம் குந்தியிருப்பார், கையெழுத்து விழும், அவள் டொக்டர். அவர் பதினான்கு தடவைக்குத் திரும்பிப் போவார்.

கைபிடி மறுபடி அசைந்தது.

துஷ்யா எழுந்து கதவைத் திறந்தாள். குகநாதனின் சேர்ட் முதுகில் ஒட்டியிருந்தது.

"அங்கிள்" என்றாள். "போட்டு வாங்கோ."

ஏதோ சுமையை இறக்கியவர்போல் அவருடைய தோள் தாழ்ந்தது. "ஓம் பிள்ளை. போட்டு வாறன்."

போனார்.

பெர்னடெற் படிவத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த வசனம்தானே?"

"ஓம்" என்றாள் துஷ்யா, எந்தப் பாஷையில் சொல்கிறோம் என்ற நினைவே இல்லாமல்.

பெர்னடெற் பேனையைச் சரிக்கு மேல் கொண்டுபோனார். வெட்டுவதற்கு முன் வழக்கம்போல் ஒரு தடவை உறுதிசெய்துகொள்ள ஜன்னலுக்குப் போனார். துஷ்யாவும் போனாள். கீழே குகநாதன் தரிப்பிடத்தில் நின்றார். கட்டடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. பஸ் வந்தது. ஏறினார். மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்த சந்தோஷம் தூரத்திலிருந்தே தெரிந்தது. பஸ் போய்விட்டது.

அதன் பிறகும் இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வரமாட்டாரா?" என்றார் பெர்னடெற்.

"மாட்டார். வாறன் என்று சொல்லிவிட்டாரே."

பெர்னடெற் உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்தார். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று மறுபடி வாசித்தார். நோயாளர் விடைபெற்றுச் சென்றதை உறுதிசெய்தல். சென்றிருந்தார். பெர்னடெற்றே இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு இரண்டு காட்டியது. தன் வாழ்நாளில் முதல் தடவையாக, சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் முந்தி ஓடுகிறது என்று அவர் தீர்மானித்தார். கையெழுத்துப் போட்டார்.

எதையும் அரைகுறையாக விடத் தெரியாதவர் என்று சொன்னேன் அல்லவா? தான் கண்டதைப் பெர்னடெற் மூன்று பக்கத்தில் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். ஆதாரமாக ரவிச்சந்திரனின் முதல் மொழிபெயர்ப்பையும் இணைத்தார். குழு கூடியது, பாராட்டியது. புதிய வருடத்துக் கையேட்டில் ஏழு தசம் நான்குக்குக் கீழே ஒரு உபபிரிவு முளைத்தது.

ஒக்டோபரில் டொக்டர் துஷ்யாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. முதலாம் வருடத்துத் திருமாறன். சிங்கப்பூர்ப் பெற்றோருக்குப் பிறந்தவன்.

"அக்கா, ஏழு புள்ளி நாலு ஆ-ல ஒரு சந்தேகம். 'அமர்வு முடிவில், வைத்துவிட்டு வருமாறு நோயாளரைக் கேட்டுக்கொள்ளுதல்'னு போட்டிருக்கு. எதை வைக்கச் சொல்லணும்?"

துஷ்யா கண்ணை மூடிக்கொண்டாள். "நீர் என்ன செய்தனீர்?"

"வச்சிட்டு வாங்கன்னேன். அந்த அம்மா கைப்பையை வச்சிட்டுப் போயிட்டாங்க."

"பிறகு?"

"ரெண்டு வாரமாச்சு. இன்னும் வரலக்கா."

"அப்ப ஏன் யோசிக்கிறீர்?" என்றாள் துஷ்யா. "கெதியாப் போய்க் கையெழுத்தை வாங்கும்."