மூன்று மணிக்கு விழுந்த நான்கு மணிக் குண்டுகள்

எங்கள் லிண்டகம் கிராமத்து நாற்சந்தியில் ஜெர்மானியர் நாள்தோறும் பிற்பகல் நான்கு மணிக்குப் பன்னிரண்டு பீரங்கிக் குண்டுகள் போட்டனர். ஒன்று கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. 1916ஆம் ஆண்டின் வசந்தம் அது. இரு படைகளும் ஒன்றரை ஆண்டாகப் பதுங்குகுழிகளை விட்டு நகரவில்லை. குன்றுக்கு அப்பாலிருந்த பீரங்கிக்காரர்கள் மாலைக் காப்பியை முடித்த கையோடு வேலையைத் தொடங்குகிறார்கள் என்று ஊர் முடிவுகட்டி, அவ்விடத்துக்குக் காப்பிச் சந்தி என்று பெயரிட்டது. நான்குக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பால்வண்டி சந்திக்குச் சற்று முன்னாலிருந்த பாப்லர் மரத்தடியில் நிற்கும். தபால்காரர் புகைக்குழாயைப் பற்றவைப்பார். பன்னிரண்டாவது வெடித்ததும் இருவரும் புறப்படுவர். எங்கள் தரப்புப் பீரங்கியும் ஐந்தரை மணிக்கு யாருமற்ற முட்டைக்கோசுத் தோட்டம் ஒன்றைத் தவறாமல் தாக்கிவந்தது. இரு தரப்பு மேலதிகாரிகளும் மகிழ்ந்தனர், எவருக்கும் காயமில்லை.

பகைவனை வெறுக்க எனக்குக் காரணங்கள் ஏராளம். என் பள்ளிக்கூடத்தின் கூரை அவற்றுள் முதலாவது. அது போனபின் மதுவடிசாலைக் கிடங்கில்தான் பாடம் நடத்தினேன். ஆயினும் அவனது நேரந்தவறாமையில் மட்டும் என்னால் குறை காண இயலவில்லை.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ரொட்டிக்கடையில் நான் செய்தித்தாளை உரக்கப் படித்தேன். ஞாயிறு நள்ளிரவு முதல் ஜெர்மனி முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கப்படும். விளக்கெரிக்கும் நிலக்கரி மிச்சமாகும் என்றிருந்தது.

"சூரியனுக்கும் உத்தரவு போயிடுச்சா, டீச்சரம்மா?" என்றார் கடைக்காரர் தியோபீல்.

"இனிமே கோழிகளுக்கும் ஒரு அதிகாரியைப் போட்டுருவாங்க," என்றாள் அவர் மகள் ஸுல்மா.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அது என் பிழை.

திங்கட்கிழமை ஸுல்மாவுக்குத் திருமணம். மாப்பிள்ளை சிரீல் நண்பகலில்தான் பதுங்குகுழியிலிருந்து வந்துசேர்ந்தான். மாலை நாலேகாலுக்கு மதுவடிசாலை வாசலிலிருந்து புறப்படும் படை லாரியில் அவன் திரும்பியாக வேண்டும். அடுத்த விடுப்பு இலையுதிர் காலத்தில்தான். ஊர்த் தேவாலயம் இடிந்துவிட்டதால், சந்திக்கு அப்பாலிருந்த ஒரு களஞ்சியத்தில் பாதிரியார் பூசை நடத்திவந்தார். திட்டம் என்னுடையது: இரண்டே முக்காலுக்குப் புறப்பாடு, மூன்றுக்குச் சந்தியைக் கடப்பது, மூன்றரைக்குள் திருமணம், குண்டுகளுக்கு முன்பே வீடு.

இரண்டே முக்காலுக்கு ஊர்வலம் இருவர் இருவராக நின்றது. வயலின்காரர் வில்லை உயர்த்தினார். அப்போதுதான் மாப்பிள்ளையின் மேலங்கியைக் கண்டேன்.

"சிரீல், ரெண்டு பொத்தான் எங்கே?"

"சீட்டாட்டத்துல போச்சு, டீச்சர்."

"யார்கிட்ட?"

அவன் தோழன் ஆகீல் கையை உயர்த்தினான். "என்கிட்டதான். நானும் அதை ஒரு சமையல்காரன்கிட்ட தோத்துட்டேன். அந்த ஆளு இப்ப எங்களைவிடப் பளபளன்னு திரியறான்."

"கழட்டு அங்கியை."

"டீச்சர், நேரமாச்சு! பாதிரியார் பொத்தானை எண்ணவா போறார்?"

"நான் எண்ணுவேன்."

என் கறுப்பு மேலங்கியிலிருந்து இரண்டு பொத்தான்களை வெட்டியெடுத்து, ரொட்டிக்கடைப் படியில் அமர்ந்து தைக்கத் தொடங்கினேன். அவசரத் தையல் எனக்கு வராது. தியோபீல் வானத்தைப் பார்த்தார். ஸுல்மாவின் அத்தை முணுமுணுத்தாள். "உங்க தையல் முடியறதுக்குள்ள சண்டையே முடிஞ்சுடும் போல இருக்கே!" என்றான் ஆகீல். நான் இரண்டாம் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தபோது கடைக்குள்ளிருந்த கடிகாரம் மூன்றடித்தது.

மறுகணம் சந்தியில் மண் எழுந்தது.

யாரும் ஓடவில்லை, வியப்பு அச்சத்தை முந்திக்கொண்டது. மூன்று மணிக்கா? ஜெர்மானியனா? தியோபீல் தம் கைக்கடிகாரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பன்னிரண்டு வெடிப்புகளையும் நான் வாய்விட்டு எண்ணினேன். பிறகு அமைதி.

"அந்த ரெண்டு பொத்தான் மட்டும் இருந்திருந்தா, இந்நேரம் நாம எல்லாரும் அங்கேதான் நின்னிருப்போம்," என்றான் சிரீல், முகம் வெளுத்து.

"என் சீட்டுக் கை நல்ல கை. அதுக்கு நன்றி சொல்லு," என்றான் ஆகீல்.

ஆனால் தியோபீல் தொப்பியைக் கழற்றிவிட்டார். "இது கூடுதல் குண்டு. நாலு மணி பாக்கி இன்னும் இருக்கு. போனா திரும்ப முடியாது, லாரி போயிடும். கல்யாணம் இலையுதிர் காலத்துலதான்."

"அப்பா, இலையுதிர் காலம் வரைக்கும் இவன்கிட்ட என்னென்ன மிஞ்சியிருக்குமோ! இப்பவே பொத்தான் இல்ல," என்றாள் ஸுல்மா. குரல் விளையாட்டாகத்தான் இருந்தது. விரல்கள் அவன் அங்கியின் கைநுனியை விடவில்லை.

ஊசியை நூற்கண்டில் குத்தும்போதுதான் சனிக்கிழமைச் செய்தி என் நினைவுக்கு வந்தது. எனக்கு வெட்கமாயிருந்தது; மாணவி ஒருத்தி இவ்வளவு தாமதமாக விடை கூறியிருந்தால் மூலையில் நிறுத்தியிருப்பேன்.

"தியோபீல், எத்தனை விழுந்தது?"

"பன்னெண்டு."

"கணக்கு சரியா இருக்கா?"

"இருக்கு."

"அப்போ அவங்க வேலை முடிஞ்சுது. தள்ளி வெச்சது கடிகாரத்தைத்தான், குண்டை இல்ல. அவங்க நாலு மணி நேத்து வரைக்கும் நமக்கும் நாலு, இனிமே நமக்கு மூணு. சூரியனுக்கு உத்தரவான்னு சிரிச்சோமே, அதான் இது. வரிசையில நில்லுங்க!"

சந்தியின் புதிய பள்ளங்களைச் சுற்றி நடந்தோம். களஞ்சியத்தில் பாதிரியார் மறையுரையைச் சுருக்கிக்கொண்டார். அதற்காக நான் அவரை இன்றும் மதிக்கிறேன். சிரீல் மோதிரத்தை அணிவித்தான்.

திரும்பி வந்து, சந்தியைக் கடக்குமுன் பாப்லர் மரத்தடியை அடைந்தபோது நான்குக்கு ஒரு நிமிடம். அதற்கு மேல் ஒருவர் காலும் எழவில்லை. மரத்தடியில் பால்வண்டியும் நின்றிருந்தது. மதுவடிசாலைக்குப் பத்து நிமிட நடை. அங்கே லாரியின் எஞ்சின் முறுக்கப்படும் ஓசை கேட்டது.

"ஒரு பத்து நிமிஷம் பொறுத்துப் போலாமே, டீச்சரம்மா," என்று கெஞ்சினார் தியோபீல். "கணக்கு தப்பாப் போனா?"

"என் கணக்கு தப்பாது. பத்து நிமிஷம் பொறுத்தா இவன் ஓடித்தான் லாரியைப் பிடிக்கணும். கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை ஓடக் கூடாது."

நான் தனியே நடந்து சந்தியின் நடுவில் நின்று என் கடிகாரத்தைக் கையிலெடுத்தேன். முள் நான்கைத் தொட்டது. இரண்டு பொத்தான்கள் இல்லாத அங்கிக்குள் காற்று புகுந்தது. குன்றுக்கு அப்பால் எதுவும் அசையவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு சிவப்புக் கோழி பள்ளத்தின் விளிம்பில் நின்று புதுமண்ணைக் கிளறியது. நான்கு தாண்டி ஒரு நிமிடம். இரண்டு.

"பாத்தீங்களா, கோழிக்கே தெரிஞ்சுபோச்சு!" என்று கூவினாள் ஸுல்மா.

வயலின்காரர் வில்லை இழுத்தார். ஊர்வலம் இருவர் இருவராக, அடிபிசகாமல் சந்தியைக் கடந்தது. லாரிக்கு இரண்டு நிமிடம் மீதமிருந்தது. அதை மணமக்கள் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதை நான் பார்க்கவில்லை, திரும்பி நின்றுகொண்டேன். லாரி நகர்ந்ததும் சிரீல் பின்பலகையைத் தட்டிக் கத்தினான்: "டீச்சர்! பொத்தானைத் திருப்பித் தந்துடறேன்!"

"சீட்டாடாம இருந்தா போதும்!"

மறுநாள் எங்கள் ஊராட்சித் தலைவர், பகைவன் கடிகாரத்துக்கு லிண்டகம் தலைவணங்காது என்று சுவரொட்டி ஒட்டினார். பால்வண்டி மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மரத்தடியில் நின்றது. அருகில் ஊராட்சித் தலைவரும் நின்றிருந்தார்.

போர் முடிந்து வந்த வசந்தத்தில் சிரீல், ஸுல்மாவும் குழந்தையும் உடன்வர, என் புதுக் கூரையின் கீழ் வந்து நின்றான். இரண்டு பித்தளைப் பொத்தான்கள் கொண்டுவந்திருந்தான். அந்தச் சமையல்காரனிடமிருந்தே வென்றவையாம். தானே தைப்பேன் என்று அடம்பிடித்து, என் கறுப்பு மேலங்கியில் வெள்ளை நூலால் தைத்தான், அதுவும் கோணலாக. பிரித்துத் திருத்த ஊசியைக் கையிலெடுத்தேன்.

பிறகு ஊசியைப் பெட்டியில் வைத்துவிட்டேன். அங்கி இன்றும் அப்படியேதான் இருக்கிறது.