முப்பத்தேழால் வகுபடும்

கல் வெட்டுபவர் கல்லறைக் கல்லில் எண்ணைச் சாக்பீஸால் எழுதி, முதல் இலக்கத்தை வெட்டவும் செய்துவிட்டார். மனைவியின் பெயருக்குக் கீழே 294409. பெயரைத் தவிர அவனுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. அந்த எண் போதும் என்றிருந்தான்.

கல்யாணப் பேச்சு நடந்த அன்று அவள் எழுதி நீட்டிய எண் அது. "பகா எண்ணா, இல்லையா? சொல்லிட்டுக் காப்பி குடிங்க."

இருவரும் கணக்குப் படித்தவர்கள். விடுவானா? சின்னப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு முப்பத்தொன்று வரை வந்தான். எல்லாவற்றுக்கும் மீதி விழுந்தது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. சரி, குறுக்குவழி இருக்கவே இருக்கிறது என்று கைப்பேசியில், வகுக்காமலே பகா எண்ணா என்று பார்க்கும் அடுக்குச் சோதனை போட்டான். இரண்டை வைத்துச் சோதித்தான், தேறியது. மூன்றுக்கும் ஐந்துக்கும் தேறியது.

"பகா எண்தான். யாராலயும் பிரிக்க முடியாது" என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. அந்த எண் மோதிரத்தில் ஏறியது, கதவுப் பூட்டில் ஏறியது. இப்போது கல்லில்.

அவளுடைய அண்ணன் குனிந்து பார்த்தார்.

"ஐயோ மாப்ள, இதையா போடப் போறீங்க?"

"ஏன் மச்சான்?"

"முப்பத்தேழால வகுத்துப் பாருங்களேன்."

சாக்பீஸை வாங்கிக் கல்லின் ஓரத்திலேயே வகுத்தான். 7957. மீதி இல்லை. அதையும் உடைத்தான். 73, 109. பகா எண்போல நடித்து அந்த அடுக்குச் சோதனையை ஏமாற்றும் எண்கள் சில உண்டு. பரீட்சைக்குப் படித்ததுதான். முப்பத்தொன்றுக்கு அடுத்த பகா எண்ணே முப்பத்தேழு. இன்னும் ஒரே ஒரு தடவை வகுத்திருந்தால் போதும்.

"வேணும்னே தேடிப் புடிச்சா, கழுதை. பேச வந்த மாப்பிள்ளைங்க எல்லாருக்கும் குடுப்பா. மத்தவங்க தெரியலன்னுட்டாங்க. நீங்கதான் சர்டிபிகேட்டே குடுத்தீங்க! அப்பா அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே..."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"வீடு பூரா தெரியும். சொல்லித் தொலைடின்னு நானே சொன்னேன். 'விடுண்ணே, பாவம், அதைக் கட்டிக்கிட்டு அழறாரு'ன்னா."

மச்சான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணை அவள் காதில் சொன்னான். சிரித்தாள். இந்த வலியிலும் சிரிக்கிறாளே என்று உருகிப்போனான்.

"உங்கமேல உசிரா இருந்தா, மாப்ள."

"இருக்கட்டும்."

உள்ளங்கையால் எண்ணை அழித்தான். வெட்டியிருந்த 2 மட்டும் போகவில்லை.

"நம்பர் வேணாம்ணே. இதையும் எடுத்துடுங்க" என்று கல் வெட்டுபவரிடம் சொன்னான்.

"செதுக்கினா பள்ளம் விழுந்துடும் தம்பி. பார்க்க அசிங்கமா இருக்கும்."

"விழட்டும்" என்றான்.