மில் தெருப் பள்ளியின் இறங்கும் ஜன்னல்கள்

தோர்ன்ராய்ட் நகரின் முதல் மின்சார டிராம் 1908ஆம் ஆண்டு மார்ச் மாதம் மில் தெரு மேட்டில் ஏறி வந்தபோது, அதைப் பார்ப்பதற்காக ஆரம்பப் பள்ளியின் தெற்குச் சுவர் ஜன்னல்கள் நான்கும் மூன்றடி கீழே இறங்கின. சட்டமும் கண்ணாடியும் கீழ்விளிம்புக் கல்லுமாக முழு ஜன்னலும் இறங்கியது. சுவரில் ஒரு கீறல் இல்லை. மேலே காலியான இடத்தில் செங்கற்கள் ஒழுங்காக அமர்ந்திருந்தன. சிறுபிள்ளைகள் பெஞ்சுகளைத் தாண்டி ஓடிவந்து, கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்று, டிராமைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். ஊரார் வியந்தது டிராமைப் பற்றித்தான். ஜன்னல் விஷயத்துக்குப் பள்ளிக்கு அடியிலிருந்த பழைய நிலக்கரிச் சுரங்கமே காரணம் என்று அன்று மாலைக்குள் முடிவு கட்டப்பட்டது. வரி கூடுமோ என்ற கவலை மட்டும் மிஞ்சியது.

இடிந்துபோனவர் ஒருவர்தான்: அந்தக் கட்டடத்தை வரைந்த அம்புரோஸ் கிளெக். சிவப்புச் செங்கல் முகப்பு, செம்புக் கூரையிட்ட மணிக்கூண்டு, சிறுவர் என்றும் சிறுமியர் என்றும் கல்லில் செதுக்கிய இரட்டை வாசல்கள், பிள்ளைகளின் அழுக்குக் கை பட்டாலும் துடைத்துவிடக்கூடிய பச்சை மெருகுச் செங்கல் பதித்த கூடம் என எல்லாவற்றையும் ஊர் புகழ்ந்தது. அவருக்கோ உயிர் ஜன்னலில் இருந்தது. ஜன்னலின் கீழ்விளிம்புக் கல் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் நிற்க வேண்டும். வெளிச்சம் உள்ளே வரலாம், தெரு வரக் கூடாது என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையை அவர் ஏழு வயதில் கற்றார். அப்போது அவர் படித்த பள்ளியின் உயர்ந்த ஜன்னலுக்கு வெளியே ஒரு யானை நடந்துபோனது. ஆசிரியர் ஒருவரையும் எழ விடவில்லை. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். அம்புரோஸுக்கு மணியோசை மட்டும்தான் வந்தது. கவனம் சிதறாததால்தான் தான் ஆளானதாக அவர் பிறகு எல்லோரிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி நம்பவும் செய்தார்.

நகரில் மேலும் ஐந்து பள்ளிகள் எழவிருந்தன. ஜூன் மாதம் கல்விக் குழு வந்து மில் தெருக் கட்டடத்தைப் பார்த்து, அவற்றைக் கிளெக்கிடம் கொடுப்பதா என்று தீர்மானிக்கும். ஆகவே கொத்தனார் ஜாபெஸ் ஜன்னல்களைப் பழைய உயரத்துக்கு ஏற்றினார். கசாப்புக் கடையிலிருந்து தப்பிய பன்றி ஒன்று தெருவில் ஓடியபோது அவை மறுபடி இறங்கின.

“என் செங்கல்லு ஒண்ணு கூட அசையல, அம்புரோஸ்,” என்றார், உடன்படித்தவரான ஜாபெஸ். “உன் ஜன்னலுக்குத்தான் வேடிக்கை பாக்குற புத்தி. வளர்ப்பு சரியில்ல.”

கிளெக் சிரிக்கவில்லை. அவற்றை மறுபடி ஏற்றி, ஒவ்வொரு ஜன்னலுக்கும் இரும்புப் பட்டை அடித்து, இறங்காதபடி முளை செருகச் சொன்னார்.

குழு வந்த வெள்ளிக்கிழமை காலை ஜன்னல்கள் ஆறடியில் அடக்கமாக நின்றன. குழுத் தலைவர் ஃபர்த் நெட்டையான மனிதர். கீழ்விளிம்புக் கல்லைத் தட்டிப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். அந்நேரம் மேட்டுக்குக் கீழே ஒரு மணி ஒலித்தது. தரை ஓடுகள் மெல்ல அதிர்ந்தன. ஜன்னல்கள் பட்டைகளுக்குள் திமிறின, சுண்ணாம்பு உதிர்ந்தது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபர்த் மட்டும் எட்டிப் பார்த்தார். “அடேயப்பா! யானைய்யா! சர்க்கஸ் யானை! இந்தப் பக்கமாத்தான் வருது. வந்து பாருங்க, மிஸ்டர் கிளெக்!”

கிளெக் ஐந்தடியைத் தாண்டாதவர். நுனிக்காலில் நின்றார். அவர் கட்டிய ஜன்னலில் அவருக்கு வானம்தான் தெரிந்தது.

“என் நாற்காலி வேணும்னா எடுத்துக்குங்க,” என்றார் சிறுபிள்ளைகளின் ஆசிரியை டார்காஸ் ஹே. “ஆனா இதுங்க முப்பது பேருக்கும் நாற்காலி இல்ல.”

மணியோசை நெருங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே ஓசை. ஐந்து பள்ளிகளும் கைவிட்டுப் போகும் என்று கிளெக்குக்குத் தெரிந்தது. தெரிந்தே முதல் முளையைப் பிடுங்கினார்; பிறகு ஓடி ஓடி மற்ற மூன்றையும் பிடுங்கினார். ஜன்னல்கள் அருவிபோல் தரைவரை இறங்கின. வகுப்பு அலறிக்கொண்டு பாய்ந்தது. யானை நின்றது, சுருக்கம் விழுந்த ஒரு கண்ணைக் கண்ணாடியருகே கொண்டுவந்து உள்ளே பார்த்தது. முன்வரிசையில் இரண்டு சிறுமிகளுக்கு நடுவே கிளெக் மண்டியிட்டிருந்தார்.

“குளிர்காலத்துல காத்து அடிக்குமே?” என்றார் ஃபர்த், யானையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

“அடிக்கும் ஐயா.”

“மத்த அஞ்சும் இப்படித்தானா?”

“இப்படித்தான்.”

குழு அன்றே ஒப்புதல் அளித்தது. பார்க்க வேண்டியது கடந்துபோனதும் ஜன்னல்கள் தாமாகவே மேலேறிவிட வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதித்தது. ஆறு பள்ளிகளின் ஜன்னல்களும் அதை இன்றுவரை மீறியதில்லை. காவலாளிகள் கோடை விடுமுறையில் அவற்றுக்கு எண்ணெய் போடுகிறார்கள். காற்று அடிப்பது பற்றிப் பெற்றோர் புகார் செய்வதுண்டு. முதுமையில் ஒருநாள் கிளெக் கைத்தடியுடன் மில் தெருவில் தனியே நடந்துபோனபோது, தெருவில் வேறெதுவும் இல்லாதிருந்தும், ஜன்னல்கள் நான்கும் இறங்கின. அவர் பிள்ளைகளைப் பார்த்துத் தொப்பியை உயர்த்திவிட்டு, மழைக்கு முன் வீடு சேரும் வேகத்தில் மேட்டில் ஏறினார்.