எழுதியவர்: சபாபதி

ஐஸ் பெட்டியின் ஒயரைச் சொருக இடமில்லாததால் கலைவாணி கம்ப்யூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கினாள். கூடத்தில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். அப்பாவுக்கா கம்ப்யூட்டருக்கா என்று யோசிக்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா திருஞானசம்பந்தம், ஜன்னல் வழியாகத் திரை இருண்டதைப் பார்த்துவிட்டுப் பதறி எழுந்து வந்தார். விடியற்காலை தம்பி போய்விட்டான் என்று சொல்லியனுப்பியபோதுகூட அவர் இவ்வளவு வேகமாக வரவில்லை.

"என்னம்மா கலை, அதுல என் போட்டோவெல்லாம் இருக்குதே."

"ஆஃப் பண்ணா அழிஞ்சிடாது பெரியப்பா."

அவர் பெட்டிக்குள் கிடந்த தம்பியை ஒரு முறையும், இருண்ட திரையை இரண்டு முறையும் பார்த்தார். எல்லாவற்றையும் காலையிலேயே பென் டிரைவில் எடுத்தாயிற்று என்று அவர் மகன் குமரகுரு வந்து சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு சீரானது.

பெரியப்பாவுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை. கடை வருமானத்துக்கு, தொழில் என்னவோ தலைமை தாங்குவதுதான். வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர், உற்சவக் கமிட்டிக்குத் தலைவர், போதாததற்கு அவரே ஆரம்பித்த பேரவை ஒன்றுக்கும் தலைவர். ஊரில் எங்கே ரிப்பன் கட்டினாலும் அவர் போய் நின்றால்தான் அது அறுபடும். அந்தக் கடையிலேயே ஸ்டாக் ரூமில் புடவை அடுக்கிக்கொண்டிருந்த தம்பி சபாபதியும் கூடவே போவார், கேமராவோடு. அண்ணன் சிரிப்பார், தம்பி அமுக்குவார். முப்பது வருஷம் இப்படியே நடந்தது.

சபாபதி கடையை விட்டு நின்றதும், அண்ணனின் எழுபதாவது பிறந்தநாள் மலருக்காக அந்தப் போட்டோக்களெல்லாம் பிஸ்கட் டப்பாக்களிலும் துணிப்பைகளிலும் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. கூடவே ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஸ்கேனரும். குறிப்பு எழுதி வைப்பதற்கென்று அதில் குமரகுரு ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தான். எழுதுகிற இடத்தில் போட்டோவையும் ஒட்டலாம் என்று சபாபதி தானாகவே கண்டுபிடித்தார். ஒரு போட்டோவுக்கு ஒரு குறிப்பு, அதற்கொரு தலைப்பு, தேடி எடுக்க ஓர் அடையாளச் சொல். கேட்ட மாத்திரத்தில் கைக்கு வருகிற மாதிரி புடவை அடுக்கியவர், அதே மாதிரி அண்ணனையும் அடுக்கினார்.

வருஷவாரியாகவோ வந்துபோன பிரமுகர்வாரியாகவோ அடுக்குவார் என்று பெரியப்பா எதிர்பார்த்திருக்கலாம். அப்பா போட்ட அலமாரிகள் வேறு: கத்தரிக்கோல், பொன்னாடை, குத்துவிளக்கு, மைக். 'கத்தரிக்கோல்' என்பதைத் தட்டினால் பெரியப்பா கறுப்பு முடியில் ஆரம்பித்து வெள்ளை முடி வரைக்கும் ரிப்பன் வெட்டிக்கொண்டே வருவார். ஒவ்வொன்றின் கீழேயும் அப்பா ஒரு வரி எழுதியிருப்பார். 'ரிப்பன் சிவப்பு. மூன்றாவது வெட்டில் அறுந்தது.' 'பொன்னாடை போர்த்தியவர் பெயர் தெரியவில்லை. அண்ணனுக்கும் தெரியவில்லை.' பெரியப்பா போட்டோவுக்குக் கீழே எதையும் படிப்பதில்லை.

குறிப்பின் உச்சியில் புரோகிராம் தானாகவே இன்னொரு வரியைப் போட்டுக்கொள்ளும்: எழுதியவர்: சபாபதி. அதை எடுத்துவிடலாமே என்று கலைவாணி ஒரு நாள் கேட்டாள். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்மா" என்றார் அப்பா.

எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பிறகு பேச்சு போயிற்று. அம்மா வள்ளியும் கலைவாணியும் ராத்திரி மாற்றி ராத்திரி விழித்திருந்தார்கள். இன்று விடிகாலையில், இருவருமே அசந்துபோன நேரத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல் அவர் போய்விட்டார். கண் விழித்தபோது வெளிச்சம் வந்திருந்தது. இவ்வளவு நேரம் தூங்கியிருக்கிறோமே என்றுதான் கலைவாணிக்கு முதலில் தோன்றியது.

இன்றைக்கே எடுத்துவிடுவார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். பெரியப்பா வேறு மாதிரி நினைத்திருந்தார். சென்னையிலிருந்து ஒரு பெரும்புள்ளி நாளைக்கு ஒரு கல்யாணத்துக்காக இந்தப் பக்கம் வருகிறாராம். பெரியப்பாவுக்காக ஐந்து நிமிஷம் இறங்கி மாலை போட ஒத்துக்கொண்டிருக்கிறாராம். ஆகவே நாளைக்குப் பத்து மணிக்குத்தான் எடுப்பது.

"இன்னிக்கு நாளும் நல்லா இல்லம்மா" என்றார்.

அம்மாவுக்குச் சர்க்கரை. வேளைக்கு மாத்திரை, மாத்திரைக்கு முன்னால் சாப்பாடு. உடம்பு வீட்டை விட்டுக் கிளம்புகிற வரைக்கும் தொண்டையில் ஒன்றும் இறங்காது என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பதினோரு மணிக்குக் கலைவாணி அரை டம்ளர் பால் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுற்றியிருந்த பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு வழிவிட்டார்கள். அம்மா திரும்பவில்லை.

"அவரு கெளம்பட்டும்டி."

டம்ளரைத் தள்ளிய கை நடுங்கியது. நெற்றியில் வியர்வை. இப்படியே நாளைப் பத்து மணி வரை என்றால் ஐஸ் பெட்டி இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கும் என்று கலைவாணிக்குத் தோன்றியது. எழுந்து பந்தலுக்குப் போனாள்.

"பெரியப்பா, அம்மா பட்டினியா கெடக்குறாங்க. சுகர் இறங்கிடும். இன்னிக்கே எடுத்துடலாம்."

"துக்க வூட்டுல அப்படித்தாம்மா இருக்கும். சபாபதிக்கு ஒரு மரியாதை வேணாமா?"

சற்றுமுன் போன் பேசிவிட்டு வருகிறேன் என்று போய்த் திரும்பியிருந்த அவர்மேல் நெய்ப் பொங்கல் மணந்தது. அவள் உள்ளே வந்தாள்.

மரியாதையின் முதல் தவணையாகத் தெருமுனைகளில் ஃப்ளெக்ஸ் வைக்க ஏற்பாடாயிற்று. அதற்குச் சித்தப்பா போட்டோ வேண்டும் என்று குமரகுரு வந்து கேட்டான். வீட்டில் இல்லை. எடுத்தவர் எப்படி அதில் இருப்பார்? கல்யாணப் போட்டோவைக் கரையான் தின்று வெகு நாளாயிற்று. கம்ப்யூட்டரைப் போட்டுத் தேடலாமென்றால் ப்ளக் பாயின்ட் அப்பாவிடம் இருந்தது. "பென் டிரைவ் புரோகிராமோட ஃப்ளெக்ஸ் கடைக்குப் போயிருக்குது. பேரைப் போட்டுத் தேடினா வந்துடப்போவுது" என்று குமரகுரு ஃப்ளெக்ஸ் கடை யேசுதாஸை போனில் பிடித்தான். சபாபதி என்று தேடச் சொன்னான். வருவதில் நல்லதாக ஒன்றைப் போடச் சொன்னான். யேசுதாஸ் அரக்கோணத்திலிருந்து வந்து போன மாதம்தான் கடை திறந்திருந்தான்.

மத்தியானத்துக்குமேல் திடீரென்று கூட்டம் கூடியது. ஸ்டாக் ரூம் சபாபதிக்கு இத்தனை பேர் பழக்கமா என்று பெண்கள் கிசுகிசுத்தார்கள். சங்கத்தின் துணைத் தலைவர் ராஜகோபால், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேருடன், இரண்டு ஆள் தூக்குகிற மாதிரி ஒரு சம்பங்கி மாலையோடு தலையைக் குனிந்தபடி பந்தலுக்குள் வந்தார். நிமிர்ந்தார். எதிரே நாற்காலியில் பெரியப்பா.

"வாங்க ராஜகோபால்" என்றார் பெரியப்பா. தம்பிக்காக இவ்வளவு பெரிய மாலையா என்று அவர் குரல் நெகிழ்ந்திருந்தது.

ராஜகோபால் வாயைத் திறந்து மூடினார். "தலைவரே, நீங்க... இருக்கீங்களா?"

"பின்ன எங்க போவேன்? தம்பி காரியமாச்சே."

கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப்போக முடியாது. உள்ளே வந்து ஐஸ் பெட்டியின் மேல் சார்த்தினார்கள். அப்பாவின் மார்பிலிருந்து கால் வரைக்கும் அது மூடியது. ராஜகோபாலின் முகத்தில் துக்கம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது என்பதைக் கலைவாணி பார்த்தாள். தயாரித்து வந்த பேச்சை அவர் சட்டைப்பையிலேயே மடித்து வைத்துக்கொண்டார்.

அதற்குள் பட்டுக்கடையிலிருந்து மேனேஜர், கடையை ஒரு நாள் சாத்துவதா மூன்று நாள் சாத்துவதா என்று குமரகுருவிடம் போனில் அழுதுகொண்டே கேட்டார். குமரகுரு தெருமுனைக்கு ஓடினான். வியர்த்துப்போய் வந்து அவன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனான். கலைவாணியும் பின்னால் போனாள்.

ஆளுயரத்துக்கு மேலே ஃப்ளெக்ஸ் நின்றது. உச்சியில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் பொன்னாடையும் மாலையுமாகப் பெரியப்பா, கைகூப்பிச் சிரித்துக்கொண்டு. அதன் கீழே கொட்டை எழுத்தில் சபாபதி. அதற்கும் கீழே, 'ஆறாத் துயரத்தில்' என்று ஒரு சின்ன வட்டத்துக்குள் மறுபடியும் பெரியப்பா, தன் பட்டங்கள் இரண்டு வரிக்கு நீள, தன்னையே பார்த்து வருந்திக்கொண்டிருந்தார். அடியில் சபாபதி வீட்டு விலாசம். யாரோ ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். காய்கறிப் பையோடு போன ஒரு பெண் நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மீதி ஃப்ளெக்ஸ்களோடு அங்கேயே இருந்த யேசுதாஸைக் குமரகுரு பிடித்து இழுத்தான்.

"சபாபதின்னுதான் தேடினேன் சார். அத்தினி போட்டோவும் வந்துச்சு, எல்லாத்துலயும் இவருதான் இருந்தாரு" என்றான் யேசுதாஸ்.

எழுதியவர் பெயரைக்கூடத் தேடி எடுத்து வருகிற புரோகிராம் அது. கலைவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள்.

"கீழ வட்டத்துல இருக்குறதும் நான்தானய்யா. தெரியல ஒனக்கு?" என்றார் பெரியப்பா.

"அண்ணன் தம்பி ஜாடைன்னு நெனச்சிக்கினேன் சார்."

செத்துப்போனதாகப் போட்டதைவிட, தன் முகம் தெரியாத ஓர் ஆள் இந்த ஊரில் கடை வைத்திருக்கிறான் என்பதுதான் பெரியப்பாவை அதிகம் உலுக்கிய மாதிரி இருந்தது. அவர் கோபிக்கவில்லை. ஃப்ளெக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துச் சுவரோரமாக ராஜகோபால் தாழ்ந்த குரலில் போனில் பேசிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது.

"இல்லப்பா, இருக்காரு. ஆமா, உக்காந்துக்கினு இருந்தாரு. சாயங்காலம் மீட்டிங் வேணாம். கேன்சல் பண்ணிடு."

பெரியப்பா அவர் பக்கம் மெல்லத் திரும்பினார். அப்போது குமரகுருவின் போன் அடித்தது. சென்னைப் பெரும்புள்ளியின் உதவியாளர். ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்துவிட்டு, அழைத்தவரே மறைந்துவிட்டபடியால் ஐயா நாளைக்கு நேராகக் கல்யாணத்துக்குப் போய்விடுவார் என்றார். அழைத்தவர் பக்கத்தில்தான் நிற்கிறார் என்று குமரகுரு சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

தெருக்கோடியில் இன்னொரு மாலை வந்துகொண்டிருந்தது. முந்தையதைவிடப் பெரியது. அதைத் தூக்கி வந்தவர்கள் இன்னும் இவர்களைப் பார்க்கவில்லை. கலைவாணி பெரியப்பாவின் அருகில் போய், யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்.

"அப்பா வூட்டுல இருக்குற வரைக்கும் இப்படி வந்துக்கினேதான் இருக்கும் பெரியப்பா. ஒவ்வொருத்தருக்கா நீங்க இருக்கீங்கன்னு நாம சொல்லிக்கினு இருக்கணும்."

பெரியப்பா வருகிற மாலையைப் பார்த்தார். சின்ன வட்டத்துக்குள்ளிருந்த அவரும் கொஞ்சம் இளைத்துப்போன மாதிரி இருந்தது.

"எடுத்துடலாம்மா" என்றார். "நாளைக்கு நாள் நல்லா இல்ல."

அதற்கப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. பறைக்காரர்கள் வந்தார்கள். பாடைக்குப் பச்சை மட்டை வந்தது. எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டு, மூன்று மணிக்கெல்லாம் அப்பாவைத் தூக்கிவிட்டார்கள். ஊரிலேயே பெரிய இரண்டு மாலைகள் அவர்மேல் கிடந்தன. கிளம்புவதற்கு முன் பெரியப்பா அம்மாவிடம் வந்து நின்றார். நடந்ததை யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது மாலை யாருக்கு வந்தது என்பது உட்பட.

"ஒங்களுக்கு ஆயுசு கெட்டி மாமா" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல்.

ஆறுதலா வேறு ஏதாவதா என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை. இரண்டு முறை தலையாட்டிவிட்டு, இழவு ஊர்வலத்தில் முன்னால் நடக்க வேண்டியவர், கூட்டத்தின் நடுவிலேயே முகம் தெரியாமல் புகுந்துகொண்டு போனார்.

பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரக் கூந்தலோடு வந்து உட்கார்ந்தாள். எதிர்வீட்டிலிருந்து ரசமும் சாதமும் வந்திருந்தது. கலைவாணி பிசைந்து கொடுக்கப் போனாள். அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். முதல் கவளத்தை வாயில் வைத்து வெகுநேரம் மென்றாள். பிறகு வேகம் வந்தது. தட்டு காலியானதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதாடி?"

இருந்தது. அதையும் சாப்பிட்டாள். மாத்திரையை விழுங்கினாள். கழுவிக் காய்ந்த தரையில், பாய்கூடக் கேட்காமல், கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள்.

துக்கம் விசாரிக்க இரண்டு பெண்கள் செருப்பை விட்டுவிட்டு வாசற்படி ஏறினார்கள். கூடத்திலிருந்து அம்மாவின் குறட்டை கேட்டது. சன்னமான குறட்டை இல்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அழுது அழுது அசந்து போச்சு பாவம்" என்றாள் ஒருத்தி.

"ஆமாங்க" என்றாள் கலைவாணி. அவர்களைப் பந்தலிலேயே உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எதிர்வீட்டார் அவளுக்கென்று வைத்துவிட்டுப் போன காப்பி அடுப்பு மேடையில் இருந்தது. எடுத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. காப்பி சூடாக இருந்தது. ஊதி ஊதி, கடைசி மடக்கு வரைக்கும் குடித்தாள்.