எள்ளளவு எஃகு

அந்த மருத்துவமனையின் அடித்தளத்தில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, நீராவிப் பெட்டியில் வைத்து எடுத்து மேலே அனுப்பும் அறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவளுக்கு லென்ஸக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. மேசையோடு பொருத்திய பூதக்கண்ணாடி ஒன்று உண்டு. ஒவ்வொரு கருவியையும் அதனடியில் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கத்தரிக்கோலின் இடுக்கில் கடுகளவு ரத்தம் காய்ந்திருந்தாலும் அது மறுபடி தொட்டிக்குப் போகும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தொடர்ந்து ஒன்பதாவது நாள் வேலை. கூட வேலை பார்க்கிறவள் மகளின் பிரசவம் என்று லீவில் போயிருந்தாள். வேறு ஆள் போடுகிறோம் என்று மேலே சொன்னவர்கள் சொன்னதோடு சரி. இரண்டு பேர் நின்று செய்கிற வேலையை ஒருத்தி நின்று செய்ததில் இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையில் செருப்பை மாட்டும்போதே, இன்றைக்கு எப்போது முடியும் என்றுதான் நினைத்தாள்.

அன்று முழங்கால் ஆபரேஷன் மட்டும் ஐந்து. செய்கிறவரை எல்லோரும் முட்டி டாக்டர் என்பார்கள். முழங்காலுக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு கிழிந்துபோனால், இப்போதெல்லாம் காலைப் பிளந்து திறப்பதில்லை. பேனா நுழைகிற அளவுக்கு இரண்டு துளை போதும். ஒன்றின் வழியே கேமரா வைத்த மெல்லிய குழாய், இன்னொன்றின் வழியே கருவிகள். டாக்டர் எதிரே இருக்கும் திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வார். பிழைக்கிற ஜவ்வைத் தைக்க வளைந்த ஊசிகள் உண்டு. பிசிறாகத் தொங்குவதைக் கடித்து எடுக்க பஞ்ச் என்று ஒன்று. ஒரு சாண் நீளக் கம்பி, பின்னால் கத்தரிக்கோல் பிடி, முன்னால் சிட்டுக்குருவியின் அலகு மாதிரி ஒரு வாய். மருத்துவமனையில் இருந்தது இரண்டு பஞ்ச். ஒன்று சாணை பிடிக்கப் போய் மூன்று வாரமாகிறது, இன்னும் திரும்பவில்லை.

ஏழு மணிக்கு, மிச்சமிருந்த அந்த ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் பிடித்தவள் கொஞ்சம் தயங்கினாள். கீழ் அலகின் வேரில், முடியளவுக்கு ஒரு கோடு. கீறலா, விரிசலா? நகத்தால் நெருடிப் பார்த்தாள். பத்து முறை திறந்து மூடினாள். நன்றாகத்தான் கடித்தது. தனியாக எடுத்து வைத்தாள். அப்போது போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பு சிஸ்டர்.

"அக்கா, செட் எங்க? டாக்டர் வந்து நிக்கிறாரு."

"இதோ அனுப்பறேன் சிஸ்டர்."

"பஞ்ச் இருக்குல்ல? அது இல்லாம இந்தக் கேஸ் நடக்காது."

"இருக்கு" என்றாள். அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னோம் என்று பிறகு பல நாள் யோசித்தாள். இரண்டாவது முறை பார்த்திருக்கலாம். சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பத்துக் கேள்வி வரும், அவற்றுக்கு நின்று பதில் சொல்லத் தெம்பில்லை. கை தானாகப் போய்ப் பஞ்சை எடுத்துத் தட்டில் வைத்தது. நீராவிப் பெட்டியின் கதவு மூடியது.

முதல் ஆபரேஷன் மின்கம்பம் ஏறும் ஊழியர் ஒருவருக்கு. ஏணியில் கடைசிப் படி என்று நினைத்துக் காலை வைத்து, இன்னொரு படி இருந்ததால் முட்டி முறுக்கிக்கொண்டு ஜவ்வு கிழிந்தது. இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரியும். பதினெட்டு வருஷத்தில் அவள் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்ததில்லை.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்தத் தட்டு கீழே வந்தது. கையுறையோடு ஒவ்வொன்றாகத் தொட்டியில் போட்டவள், பஞ்சை எடுத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மேல் அலகு இருந்தது. கீழ் அலகின் நுனி இல்லை.

முதலில் தொட்டியைத் துழாவினாள். ஓட்டையில் இருந்த சல்லடையைக் கழற்றிப் பார்த்தாள். தட்டில் விரித்து வந்த துணிகளை உதறினாள். முட்டியைக் கழுவிய தண்ணீர் இரண்டு பெரிய பாட்டில்களில் வந்திருந்தது. இளஞ்சிவப்புத் தண்ணீர், அதில் ஜவ்வுத் துணுக்குகள் நார் நாராக மிதந்தன. அத்தனையையும் வலைத்துணியில் வடிகட்டி, மிஞ்சியதை வெள்ளைத் தட்டில் கொட்டி, கண்ணாடிக்கு அடியில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எள்ளளவு உலோகம். கிடைக்கவில்லை.

கிடைக்காது என்பது அவளுக்குப் பாதி தேடும்போதே தெரிந்துவிட்டது.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். கழுவும்போது உடைந்தது என்று சொன்னால் ஏன் என்று கேட்க ஆளில்லை. பழைய கருவி, எத்தனையோ ஆயிரம் முறை கடித்த வாய். உண்மையை மென்று விழுங்கிவிட்டால் இன்றைய பொழுது இப்படியே கழிந்துவிடும். நான்கு மணிக்கு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம். அல்லது இரண்டு மாதம் கழித்து, நடக்கும்போது உள்ளே ஏதோ குத்துகிறது என்று வருவார்.

கடிகாரத்தைப் பார்த்தாள். இந்த ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்பார்கள். அது இன்னும் ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்குள் சொன்னால் அதே மரப்பில் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு என்றால் மறுபடி ஊசி, மறுபடி எல்லாம்.

போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். லிஃப்ட் வாசலில் சாப்பாட்டு வண்டி நின்றிருந்தது. பஞ்சை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடிக்கொண்டு படியேறினாள். மூன்று மாடி. அவளுடைய வலது முட்டியே ஒவ்வொரு படிக்கும் நறுக் நறுக்கென்றது.

தியேட்டர் வாசலில் வெளிச்செருப்போடு தாண்டக்கூடாத சிவப்புக் கோடு ஒன்று உண்டு. அதன்மேல் நின்று மூச்சு வாங்கியவளைப் பார்த்து சிஸ்டர் ஓடிவந்தாள்.

"என்னக்கா, நீங்க எதுக்கு மேல வந்தீங்க?"

"டாக்டரைப் பார்க்கணும்."

"அடுத்த கேஸுக்குக் கை கழுவிட்டு இருக்காரு. எண்ணிக்கை எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"எண்ணிக்கை சரிதான் சிஸ்டர். பஞ்ச் ஒண்ணு போச்சு, பஞ்ச் ஒண்ணு வந்துச்சு. முழுசா வரலை."

சிஸ்டர் கிண்ணத்தைத் திறந்து பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் ஈரக் கைகளை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி வந்தார். அவருக்கும் கண்ணுக்கு அடியில் கறுப்பு விழுந்திருந்தது.

"எவ்வளவு பெருசு?"

"எள்ளளவு டாக்டர்."

"கீழ நல்லாத் தேடினீங்களா?"

"பாட்டில் தண்ணி வரைக்கும் வடிகட்டிட்டேன். இல்லை. உள்ளதான் இருக்கணும்."

அவர் கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தார். கோபித்துக்கொண்டால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"நாலாவது கடியில ஒரு மாதிரி வழுக்குச்சு. ஜவ்வுதான் கெட்டியா இருக்குன்னு நினைச்சேன்" என்றார், யாரையும் பார்க்காமல். பிறகு கைகளைத் தொங்கவிட்டார். "சரி. அடுத்த கேஸை நிறுத்துங்க. எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. அந்த ஆள்கிட்ட நான் பேசறேன்."

எக்ஸ்ரேயில் அது தெரிந்தது. எலும்பு மூட்டின் பின்பக்க இடுக்கில், யாரோ பேனாவை வைத்து எடுத்த மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி.

"கீழ அலமாரியில காந்தக் கம்பி ஒண்ணு இருக்கு டாக்டர்" என்றாள் லென்ஸக்கா. "வாங்கினதுலேருந்து யாரும் கேட்டதில்லை. துணுக்கு எடுக்கிறதுக்குன்னே வந்தது."

"எத்தனை நிமிஷம் ஆகும்?"

"அவசரச் சுற்றுல வச்சா இருபது."

"ஓடுங்க."

ஓட முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அந்தக் கம்பியை இரண்டு முறை கழுவி, கண்ணாடிக்கு அடியில் நான்கு முறை திருப்பிப் பார்த்தாள். நீராவிப் பெட்டியின் முன்னால் நின்ற அந்த இருபது நிமிஷமும் அழுத்தமானியின் முள் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி திறந்ததும் அவளே எடுத்துக்கொண்டு போய்க் கோட்டருகே சிஸ்டரிடம் கொடுத்தாள். பிறகு சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை.

அதே துளைகளைத் திறந்து, அதே கேமராவை விட்டுத் தேடினார்கள். அரை மணி நேரம் கழித்து சிஸ்டர் வெளியே வந்தாள். "வந்துடுச்சுக்கா. இடுக்குக்குள்ள காந்தத்தைக் கொண்டுபோனதும் தானா வந்து ஒட்டிக்கிச்சு." சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து முகமூடியைக் கழற்றினாள்.

மத்தியானம் சிஸ்டர் ஒரு படிவத்தோடு கீழே வந்தாள்.

"ஆபரேஷன் நடக்கும்போது உடைஞ்சதுன்னு எழுதியிருக்கேன். முன்னாடி பார்த்தப்போ நல்லா இருந்துச்சான்னு ஒரு கேள்வி இருக்கு. ஆமான்னு போட்டுடவா?"

"காலையில ஒரு கோடு பார்த்தேன் சிஸ்டர்."

சிஸ்டரின் பேனா நின்றது. "அக்கா, அதை யாரும் கேக்கலை."

"படிவம் கேக்குதே."

"நீங்க சொன்னதாலதான் அந்த ஆள் தப்பிச்சாரு. அதோட விட்டுடலாமே. எதுக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கிறீங்க?"

"பார்த்தேன், சந்தேகப்பட்டேன், ஆனாலும் வச்சேன். அப்படியே எழுதுங்க. ஒன்பது நாளா தனியா நிக்கிறேன், வேற பஞ்ச் இல்லைங்கிறதையும் எழுதுங்க. ரெண்டும் நடந்ததுதான்."

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். போகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மின்கம்ப ஊழியர் தலையணையில் சாய்ந்து, கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. தான் யார் என்று லென்ஸக்கா சொன்னாள். காலையில் கோட்டைப் பார்த்ததையும் சொன்னாள். அந்த அம்மா வாயைத் திறப்பதற்குள் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாங்க கம்பம் ஏறும்போது பெல்ட்ல ஒரு நூல் பிரிஞ்சிருந்தாலும் ஏற மாட்டோம். தெரியுமா?"

"தெரியலைங்க. ஆனா புரியுது."

"மேலதிகாரி நின்னு கத்துவான். கத்தட்டும்னு கீழயே நிப்போம்."

லென்ஸக்கா மன்னிப்புக் கேட்டாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் வாசலுக்குப் போனபோது மனைவி மட்டும் பின்னால் வந்து, "ரெண்டாவது தடவை உள்ள கொண்டுபோனப்போ என் உயிரே என்கிட்ட இல்ல" என்றாள். திட்டும்போது வருகிற குரல் இல்லை அது. அதுதான் லென்ஸக்காவை அதிகமாகச் சுட்டது.

வாடகைக் கார் ஓட்டும் அவளுடைய கணவர் அன்று சீக்கிரம் வீடு திரும்பியிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டீயைக் கையில் கொடுத்தார்.

"வேலை போயிடுமா?"

"தெரியலை."

"போனா என் வண்டியில பின் சீட்டுல உக்காந்துட்டு வா. வழியில இருக்கிற பள்ளத்தையெல்லாம் நீ பார்த்துச் சொன்னா டயராவது மிஞ்சும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. டீ ஆறும்வரை அழுதாள். அவர் பக்கத்திலேயே இருந்தார்.

வேலை போகவில்லை. விசாரணை முடியும்வரை கருவிகளைத் தொடக்கூடாது என்று துணி மடிக்கும் அறைக்கு மாற்றினார்கள். பச்சைத் துணிகள் மலையாகக் குவிந்திருக்கும். உட்கார்ந்து செய்கிற வேலை. தண்டனை என்றுதான் பெயர். முதல் நாளே மூன்றாவது துணியை மடித்தபோது அப்படியே தூங்கிப்போனாள். எழுப்ப வந்தவளும் மனசு வராமல் திரும்பிவிட்டாளாம்.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். புதிதாக மூன்று பஞ்ச் வாங்கினார்கள். மின்கம்ப ஊழியர் ஆறு வாரத்தில் கோல் இல்லாமல் நடந்தார் என்று டாக்டர் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். கம்பம் ஏற இன்னும் சில மாதம் ஆகுமாம்.

ஏழாவது வாரம் சிஸ்டர் துணி அறைக்கே வந்தாள். "விசாரணை முடிஞ்சிடுச்சுக்கா. திங்கக்கிழமை கீழ வந்துடுங்க. லீவுல போனவளும் இன்னும் வரலை. மாத்தி விட்ட ஆளுங்க சரியாக் கழுவாம தட்டு தட்டாத் திரும்பி வருது."

லென்ஸக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "வரேன். கூட நிக்க இன்னொரு ஆள் இருந்தா வரேன். ஒருத்தி லீவு போட்டா அந்த இடத்துக்கும் ஆள் வரணும். இல்லைன்னா எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்கு."

"கேட்டுப் பார்க்கிறேன்."

"கேட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போகலை."

நான்கு நாள் இழுத்தடித்துவிட்டு மேலே ஒத்துக்கொண்டார்கள். பாதி நாளுக்கு மட்டும் ஓர் ஆள். எந்தப் பாதி என்று கேட்டாள் அவள். காலைப் பாதி என்றார்கள். சரி, தட்டு மேலே போகிற காலைப் பாதிதான் வேண்டும் என்று சொல்லி, திங்கட்கிழமை இறங்கிப் போனாள்.