பின்பக்கம் மூடாத ஹெட்போன்

என் புருஷன் ரஞ்சித்துக்கு இருப்பது இரண்டு காது. வாங்கி வைத்திருப்பது மூன்று ஹெட்போன். இதை ஒருமுறை நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். சோறு ஆறிப்போகும் வரை பாடம் நடத்தினார். ஊரில் எல்லாரும் மாட்டிக்கொண்டு திரிவது பின்பக்கம் மூடியதாம். சத்தம் டப்பாவுக்குள் அடைபட்டு முட்டிக்கொண்டு கிடக்குமாம். இவருடையது பின்பக்கம் திறந்தது. வெறும் கம்பி வலைதான் இருக்கும். சத்தம் அதன் வழியாகத் தாராளமாக வெளியே போய்விடுவதால், பாடுகிறவர் எதிரிலேயே உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்குமாம்.

"சத்தம் வெளிய போற ஓட்ட வழியா வெளிச் சத்தம் உள்ள வராதா?" என்று கேட்டேன்.

"அத்துக்குதான் அமைதியான எடத்துல உக்காந்து கேக்கணும்னு சொல்றது. நம்ம ரூம் மாதிரி" என்றார்.

நம்ம ரூம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழவேற்காட்டுப் பாலத்தைத் தாண்டினால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல், நடுவில் ஒரு கீற்று மணல். அந்த மணல்மேல் எங்கள் குப்பம். ஜன்னலைத் திறந்தால் படகுகள், படகுகளைத் தாண்டினால் அலை. பகலோ இரவோ, அது ஒரு நொடி வாயை மூடியதில்லை. நான் பொன்னேரிக்கு உள்ளே வயல்காட்டு ஊரில் பிறந்தவள். கட்டிக்கொண்டு வந்த புதிதில், யாரோ வாசலில் லாரி லாரியாக ஜல்லி கொட்டிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. பழகிவிடும் என்று சொன்னவர்கள் முகத்தில் முழிக்கவே எனக்குப் பிடிப்பதில்லை.

காதல் கல்யாணம். நான் பொன்னேரி காலேஜில் படித்தேன், இவர் தினமும் பொன்னேரிக்கு வந்து ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய் சவுண்ட் இன்ஜினியரிங் படித்தார். "சென்னைல செட்டில் ஆயிடலாம் வைசு" என்று சொல்லித்தான் என்னைக் கட்டினார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இந்த இரைச்சலுக்குள் வந்து உட்கார்ந்தேன். சென்னையில் ஒரு சந்துக்குள், ஜன்னல் இல்லாத வீடாக இருந்தாலும் போதும், கடல் கேட்கக்கூடாது. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

அதற்கு ஒரு வழியும் வந்தது. படிக்கும்போது இவர் பயிற்சிக்குப் போன ஸ்டுடியோவின் தாமோதரன் சார், மூன்று பாட்டு அனுப்பி வைப்பதாகச் சொன்னார். பாடினவர் குரல், தம்பூரா, மிருதங்கம் எல்லாம் தனித்தனியாக வரும். எது எவ்வளவு கேட்க வேண்டும் என்று கூட்டிக் குறைத்துச் சேர்த்து அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் மிக்ஸ். தேறிவிட்டால் ஸ்டுடியோவிலேயே வேலை. தேறாவிட்டால் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் காவல் வேலை. என் நாத்தனார் புருஷன் பூவரசன் ஒப்பந்தக்காரரிடம் சொல்லி, உடுப்பு அளவு வரைக்கும் கொடுத்து வைத்திருந்தான். துறைமுகம் வேண்டாம் என்று என் மாமனார் ரோட்டில் உட்கார்ந்து போலீஸ் வேனில் ஏறியவர். அவர் மகன் அதே துறைமுக வாசலில் விசில் ஊதிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு தலைக்கு மேல் இருக்கும்போது மகராசன் என்ன செய்தார்? ஹெட்போனுக்கு அலங்காரம் செய்தார்.

முதல் ஹெட்போனில் பேஸ், அதாவது அடிச் சத்தம், பத்தவில்லையாம். காதில் உட்காரும் வெல்வெட் மெத்தையைப் பிய்த்துவிட்டு, தோல் மாதிரி ஒன்றை வரவழைத்து மாட்டினார். பேஸ் வந்ததாம், ஆனால் வேர்த்தது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் காதைச் சுற்றித் தோலைக் கட்டினால் வேர்க்காமல் பூக்குமா? பிறகு என் பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்து உறை தைக்கச் சொன்னார். தைத்தேன். உறை போட்டதும் 'மேல் சத்தம்' மங்கிவிட்டதாம். பிரி என்றார். பிரித்தேன். இரண்டாவது கனமானது, தலையை இடுக்கி மாதிரி பிடித்தது. அதை மீன் வைக்கிற தெர்மாக்கோல் பெட்டியின் மேல் ஒரு வாரம் விரித்து மாட்டி வைத்தார். பிடி தளர்ந்தது, பிடித்ததோ கவிச்சி. மூன்றாவதற்கு மெத்தைக்கு அடியில் கம்பளித் துண்டு வைத்து உயரம் கூட்டினார், உள்ளே இருந்த பஞ்சு வட்டத்தைக் கழற்றி எறிந்தார், வயரை மாற்றினார். எவ்வளவு மாற்றினாலும் அதே புலம்பல்தான். பேஸ் எங்கேயோ கரைந்து போகிறதாம். மெல்லிய சத்தம் எல்லாம் தொலைந்து போகிறதாம்.

ஒரு நாள் என்னைப் பரீட்சைக்கு உட்கார வைத்தார். கண்ணை மூடச் சொல்லி, மூன்றையும் மாற்றி மாற்றி மாட்டினார்.

"எது நல்லாக்கீது சொல்லு."

"எல்லாத்துலயும் கடல் கேக்குது."

"பாட்ட கேளுடீ."

"பாட்டும் கேக்குது. அதுக்கு மேல கடல் கேக்குது. முதல்ல மாட்னதுல கொஞ்சம் கம்மியா கேக்குது, அவ்ளோதான்."

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். "உனுக்கு காது டிரெய்ன் ஆவல வைசு. இதெல்லாம் உனுக்குப் புரியாது" என்று தலையில் தட்டிவிட்டுப் போனார். காது டிரெய்ன் ஆகவில்லையாம். ஆன காதின் லட்சணம் பிறகு தெரிந்தது.

மிக்ஸ் செய்ய உட்கார்ந்தால் வீடே மூச்சுவிடக் கூடாது. மின்விசிறியை நிறுத்து. மிக்சியை நிறுத்து. பக்கத்து வீட்டு டிவியைக் குறைக்கச் சொல். என் மாமியார் கஸ்தூரியம்மாள் வாசலில் இறால் உரிக்கும்போது அலுமினியச் சட்டியை வைக்கக் கூடாது, பிளாஸ்டிக்தான். ஒரு காக்காயைத் துரத்திக்கொண்டு மணலில் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன். எல்லாவற்றையும் வாயை மூட வைத்துவிட்டு, வேர்வை வழிய உள்ளே வந்து, "இப்பதான் கம்முனு கீது" என்று ஹெட்போனை மாட்டுவார். படகுகளைத் தாண்டி அலை ஆளுயரத்துக்கு எழும்பி விழுந்துகொண்டிருக்கும்.

மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். "அத்த, இந்தக் கடல் சத்தத்துல அவருக்கு இன்னா கேக்கும்?"

அவர் உரித்த இறாலைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். "இன்னா சத்தம்?" என்றார்.

அந்தக் குடும்பத்தில் யாருக்குமே அது கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து காதுக்குள் இருப்பது எப்படிக் கேட்கும்? கடல் மட்டும் இருந்தால் அவர்களுக்கு அது அமைதி. அவ்வளவுதான் விஷயம். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பும் வேண்டாம், மூன்று ஹெட்போனும் வேண்டாம்.

முதல் பாட்டு போனது. தாமோதரன் சார் போனில் சொன்னதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "அடிச் சத்தம் ரொம்ப ஜாஸ்தி ரஞ்சித். கோயில் பாட்டுக்கு எதுக்குங்க இவ்ளோ பேஸ்?" இவர் உடனே இரண்டாவது ஹெட்போனுக்கு மாறினார். இரண்டாவது பாட்டு, ஒரு பெண் தம்பூராவை மட்டும் வைத்துக்கொண்டு பாடியது. அதற்கு வந்த பதில் இன்னும் மோசம். "அந்தப் பொண்ணு மூச்சு வாங்குறது புயல் மாதிரி கேக்குது. கிணத்துக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி எதிரொலி வேற. ஸ்டுடியோல நல்லாத்தானே பண்ணீங்க? என்ன ஆச்சு உங்களுக்கு?"

என்ன ஆச்சு என்றால், அடிச் சத்தமும் மூச்சும் எதிரொலியும் அலையில் முழுகிவிட்டன, இவர் கேட்கிற வரைக்கும் கூட்டியிருக்கிறார். ஆனால் பழி ஹெட்போன்மேல். மூன்றாவதை எடுத்து மறுபடியும் மெத்தையைப் பிய்த்தார். பூவரசன் வந்து, "மச்சான், உடுப்பு ரெடி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாவது பாட்டு கடைசிப் பாட்டு. அதை அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் எங்கள் குப்பத்து டிரான்ஸ்பார்மர் வெடித்தது. உப்புக்காற்றில் வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பதுதான். சரிசெய்ய இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மனுஷன் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். நான் லேப்டாப்பையும் மூன்று ஹெட்போன்களையும் ஒரு பையில் அடைத்தேன்.

"எழுந்துருங்க. எங்கம்மா வூட்ல கரண்டு இருக்கு."

"அங்கலாம் செட் ஆவாது. மாடு, டிராக்டரு, பேஜாரு."

"வாங்கன்னா வாங்க."

பழவேற்காட்டில் பஸ் ஏறி, பொன்னேரியில் மாறி, ஊர் போய்ச் சேரும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தார். என் அம்மா ராஜம்மா மாப்பிள்ளைக்கு மோர் கொடுத்துவிட்டு உள்ளறையைத் திறந்து விட்டாள். அறுவடை முடிந்த சமயம். மூன்று சுவரோரமும் கூரை வரைக்கும் நெல் மூட்டை. நடுவில் ஒரு கட்டில் போடத்தான் இடம்.

ஹெட்போனை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார். இன்னும் பாட்டைப் போடவே இல்லை.

"இது செத்துப்போச்சு" என்றார். இரண்டாவதை மாட்டினார். "இதுவும் செத்துப்போச்சு." பிறகு காதுக்குள் விரலை விட்டு ஆட்டினார். "இன்னாமோ ஆயிடுச்சு வைசு. காது அடச்சிகிச்சு. ஒண்ணுமே இல்ல உள்ள."

"காதுக்கு ஒண்ணும் இல்ல. இங்க கடல் இல்ல."

என்னைப் பார்த்தார். தாமோதரன் சார் திருப்பி அனுப்பிய இரண்டாவது பாட்டை எடுத்துப் போட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேறு வேலை இல்லை, இருந்தாலும் போயிருக்க மாட்டேன். ஹெட்போனின் வலை வழியாக அந்தப் பெண் மூச்சு வாங்குவது என் வரைக்கும் கேட்டது. முதல் மூச்சிலேயே அவர் முகம் செத்துப்போனது. பாட்டு முடிகிற வரை குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு ஒரு துளி பரிதாபம் வரவில்லை. தலையில் தட்டின கை அது.

பொழுது சாய்வதற்குள் கடைசிப் பாட்டை முடித்து அனுப்பினார். எந்த மெத்தையையும் மாற்றவில்லை, எந்தத் துணியையும் கிழிக்கவில்லை. மறுநாள் அங்கேயே இருந்தபோது போன் வந்தது. நான் ஸ்பீக்கரைப் போட வைத்தேன்.

"ரஞ்சித், இதுதாங்க மிக்ஸ். எந்த எடத்துல பண்ணீங்க? ரூம் சுத்தமா இருக்கே. சுவரெல்லாம் ட்ரீட் பண்ணிருக்கீங்களா?"

ஸ்டுடியோவில் சுவருக்குப் பஞ்சுப் பலகை அடித்து எதிரொலியை நிறுத்துவார்கள் அல்லவா, அதைக் கேட்கிறார். இங்கே இருந்தது என் அப்பா முதுகில் சுமந்து வந்து அடுக்கின நெல் மூட்டை. அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? எங்க மாமனார் வூட்ல உக்காந்து பண்ணேன் சார், எங்க ரூம்ல கடல் சத்தம் சார் என்று ஒரு வார்த்தை.

"ஆமா சார்" என்றார் என் புருஷன். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "நம்ம ரூம்தான் சார். நானே ட்ரீட் பண்ணேன்."

"பிரமாதம். அப்ப நீங்க எதுக்கு இங்க வந்து கஷ்டப்படணும்? இங்க எடமும் நெருக்கடி. பாட்ட அனுப்பி வெக்கிறேன், அங்கயே உக்காந்து பண்ணி அனுப்புங்க. மாசச் சம்பளம்தான். அந்த ரூம மட்டும் வுட்றாதீங்க."

"சரிங்க சார்" என்றார்.

நான் அந்த மூட்டைகளைப் பார்த்தபடி நின்றேன். சென்னை போய்விட்டது. ஒரு பொய்யில், அதுவும் பெருமைக்காகச் சொன்ன ஒரு சில்லறைப் பொய்யில் போய்விட்டது. அம்மா அதற்குள் கேசரிக்கு ரவை வறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

சரி, அப்படியானால் இங்கேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். என் அம்மா வீடு, என் ஊர், கடல் கிடையாது. குப்பத்துக்குத் திரும்பினதும் சொன்னேன். மாமியார் உடைந்த குரலில், "எம்புள்ளய வூட்டோட மாப்ளயா ஆக்கிடுவியா? நாளைக்கு கரைல நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்றார்.

இவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார். "அம்மா, நான் ஒண்ணும் அங்க குடி போவல. டெய்லி காலைல போயிட்டு சாய்ங்காலம் வந்துடுவேன். ஆபீஸ் போற மாதிரி."

"நானும் கூட வரேன்" என்றேன்.

"நீயும் வந்துட்டா, பொண்டாட்டியோட மாமியா வூட்ல போய் உக்காந்துட்டான்னு சொல்லுவாங்க வைசு. நீ இங்க இருந்தாத்தான் நான் வேலைக்குப் போறேன்னு அர்த்தம்."

சொன்னதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம்.

இப்போது தினமும் காலையில் மூன்று ஹெட்போன்களும் பஸ் ஏறுகின்றன. குப்பத்தில் எல்லாரும் ரஞ்சித்துக்குப் பொன்னேரிப் பக்கம் ஏதோ கம்பெனியில் வேலை என்று பேசிக்கொள்கிறார்கள். மாமனார் படகடியில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். என் அப்பா நெல்லை விற்க வியாபாரியைக் கூட்டி வந்தபோது, மாப்பிள்ளை கதவில் நின்று மறித்துவிட்டாராம். என் அப்பாவும், மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வியாபாரியைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

நேற்று மத்தியானம் தலை விண்ணென்று வலித்தது. காற்று திரும்பியிருந்தது, அலை வாசலுக்கே வந்துவிட்டதுபோல் இரைந்தது. அம்மாவிடம் நாலு வார்த்தை பேசினால் தேவலாம் என்று போன் போட்டேன். எடுத்தவள் குசுகுசுவென்று பேசினாள்.

"இன்னாடீ, இந்த நேரத்துல? மாப்ள வேல பாக்குறாரு. சத்தம் வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நான் மிக்சி கூட போடறதில்ல."

"சும்மாதாம்மா. உங்கூடப் பேசணும்னு இருந்துச்சு."

"அது இன்னா உங்க பக்கம் ஒரே இரைச்சல்?"

"கடல்மா."

"மாப்ள காதுல உழப்போவுது. அவரு கெளம்பினப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.